நோயுற்றாரிடம் உண்மை உரைக்கும் முறை

புற்றுநோய் என்னும் சொல்லை வாய்விட்டுக் கூற நம்மவர் இன்றும் கூசுகின்றனர். செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அதனைக் "கட்டி" என்றோ, "அந்த வியாதி" என்றோ குறிப்பிட்டு மேலே செல்வதே வழக்கம். தெலுங்கும் உருதுவும் பேசும் அண்டை அயலாரும் இவ்வகையில் நம்மினின்று வேறுபட்டவரல்லர். நோயாளியின் கட்டிலைச் சுற்றி மூன்று நான்கு மொழிகள் ஒலிக்கும். அவற்றுள் ஒன்றிலும் அந்த ஒரு சொல் மட்டும் ஒலிக்காது. பெயரையே சொல்ல அஞ்சும் இடத்தில், நோயுற்றவர் தம் உள்ளத்தில் உள்ளதை யாரிடம் சொல்வார்? இவ்வினாவே இப்பாடத்தின் பொருள்.

அறுவை, கதிர்வீச்சு, மருந்து என்னும் சிகிச்சை வகைகளை நாம் ஈண்டு ஆராயப் புகவில்லை, அவை மருத்துவர்க்குரியன. சொல்லும் செவியும் நம் எல்லோர்க்கும் உரியன. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2022-ஆம் ஆண்டுக்கு வகுத்த மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வோராண்டில் புதிதாக இந்நோய் கண்டவர் ஏறத்தாழ 14 லட்சம் பேர்; இறந்தவர் 9 லட்சத்துக்கு மேற்பட்டோர். அந்தப் பதினான்கு லட்சம் பேரிடமும் யாரோ ஒருவர் முதன்முதலாகச் செய்தியைச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது சொல்லாமல் மறைத்திருக்க வேண்டும்.

நம் நகரத்தின் நிலை

ஐதராபாத்தில் ரெட் ஹில்ஸ் பகுதியிலுள்ள எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனையை அறியாதார் இரார். 1955-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிலையம் மெஹதி நவாஸ் ஜங் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பின்னர் 1960-இல் குஜராத்தின் முதல் ஆளுநரானவர் அவரே. தெலங்கானா மாவட்டங்களிலிருந்தும் எல்லைக்கப்பாலிருந்தும் ஏழை எளியோர் அங்கே வந்து குவிகின்றனர். 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்னும் அரசு காப்பீட்டுத் திட்டம் தோன்றிய பின்னர், பணமில்லாமையால் நோயோடு வீட்டிலேயே கிடந்தோர் பலர்க்கு மருத்துவமனையின் வாயில் திறந்தது. கூட்டம் பெருகிற்று, ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கக் கூடிய நேரமோ பெருகவில்லை.

இம்மருத்துவமனையில் இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் டாக்டர் காயத்ரி பாலட் அவர்களின் முயற்சியால் வலி தணிப்பு மருத்துவத்துக்கென ஒரு பிரிவு உருவாயிற்று. நோயை வெல்ல இயலாவிடத்தும் நோவைத் தணிக்க இயலும் என்பதே அப்பிரிவின் கொள்கை. 2011-இல் பஞ்சாரா ஹில்ஸ் ரோட்டரி சங்கத்தார் 'ஸ்பர்ஷ்' என்னும் இல்லத்தை அமைத்து, இறுதிக்காலத்துப் புற்றுநோயாளரைக் கட்டணமின்றிப் பேணத் தொடங்கினர். தெலங்கானா அரசும் மாவட்டங்களில் இத்தகைய பிரிவுகளை அமைத்து, வீடு தேடிச் செல்லும் வண்டிகளை 'ஆலனா' என்னும் பெயரால் ஓடச் செய்தது. நோவு தணித்தல் இந்நகரத்துக்குப் புதிதன்று என்பதையும் இடையே சொல்லிவிடலாம். 1888-இலும் 1889-இலும் நிஜாம் அரசின் பொருளுதவியோடு எட்வர்டு லாரி என்னும் மருத்துவர் இங்கே நடத்திய குளோரோபாரம் ஆராய்ச்சிகள் அந்நாளில் உலக மருத்துவர் அனைவரையும் இந்நகரத்தை நோக்கித் திரும்பச் செய்தன. கத்தியின் நோவை அடக்கும் வழியை ஆராய்ந்த ஊர் இது. மனத்தின் நோவுக்கோ குளோரோபாரம் இல்லை.

மறைப்பினால் விளைவது

ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்வோம். லாலாகுடா ரயில்வே தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், உணவு இறங்கவில்லை, சோதனையில் புற்றுநோய் என்று தெரிகிறது. மகன் மருத்துவரைத் தனியே சந்தித்து, "ஐயா, அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர் தாங்கமாட்டார்" என்று கைகூப்புகிறான். மருத்துவரும் சரி என்று விடுகிறார். அவருக்கும் அது எளிது. "டாக்டர் என்னப்பா சொன்னார்?" என்று தந்தை கேட்கும்போது, "ஒன்றுமில்லை அப்பா, வெறும் புண், மருந்தில் ஆறிவிடும்" என்று விடை வருகிறது.

ஆனால் பெரியவர் எழுத்தறிந்தவர். மருத்துவமனையின் முகப்பில் எழுதியிருப்பது அவர் கண்ணில் படுகிறது. கதிர்வீச்சு அறையின் வாயிலில் தம்மைப் போலவே மெலிந்து நிற்பவரோடு அவர் பேசுகிறார். மூன்றாம் வாரத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. தமக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் மகன் வருந்துவானே என்று அவரும் வாயை மூடிக்கொள்கிறார். மகன் தந்தைக்காக நடிக்கிறான். தந்தை மகனுக்காக நடிக்கிறார். வங்கிக் கணக்கு யார் பெயரில், திருமணமாகாத மகளுக்கு என்ன ஏற்பாடு, பிரிந்து போன தம்பியைப் பார்க்க வேண்டுமே என்று பெரியவர் உள்ளத்தில் கிடப்பவை எல்லாம் உள்ளத்திலேயே கிடக்கின்றன. ஒருவரையொருவர் உயிராக நேசிப்பவர் இருவர், ஒரே அறையில், தனித்தனியே அழுகின்றனர். இது கற்பனைக் குடும்பமே; ஆயினும் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் எந்தச் செவிலியரைக் கேட்டாலும் இதனை அன்றாட நிகழ்ச்சி என்பார்.

குடும்பத்தாரைக் கொடியோர் என்று கருதலாகாது. அவர்களை அவ்வாறு பேசச் செய்வது அன்பே. ஆயினும் அன்பினால் செய்யப்படுவது எல்லாம் நன்மை பயக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மருத்துவ உலகமே இதில் வெகுநாள் தடுமாறியது. 1961-இல் டொனால்ட் ஓகன் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் தொழில் தோழரிடம் விசாரித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979-இல் அதே வினாக்களை மீண்டும் கேட்டபோது நூற்றுக்கு 97 பேர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டே ஆண்டுகளில் நிலை தலைகீழாயிற்று. மருந்துகள் முன்னேறியதும், நோயாளர் தம் உரிமையைக் கேட்கத் தொடங்கியதும் இதற்குக் காரணங்கள்.

அமெரிக்க வழக்கத்தை அப்படியே இங்கே நடவேண்டும் என்பது என் கருத்தன்று. அங்கே நோயாளியிடம் முதலில் சொல்லி, அவர் இசைந்தால் குடும்பத்துக்குச் சொல்வர். நம் நாட்டில் நோய் ஒருவருக்கு வந்தால் வீடே நோயுறுகிறது. முடிவுகளை வீட்டார் கூடியே எடுக்கின்றனர். நம் முதியோருள் சிலர் உண்மையாகவே, "எல்லாம் என் பெரிய மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்பர். அதுவும் அவர்தம் உரிமையே. அவரைக் கேட்டு அவர் வேண்டாம் என்றால் சொல்லாதிருத்தல் ஒன்று. அவரைக் கேளாமலே மறைத்தல் வேறொன்று. இவ்வேறுபாட்டைப் பலர் காண்பதில்லை.

சூத்திரங்களில் காணும் வழி

மஜ்ஜிம நிகாயத்தில் அபயராஜகுமார சுத்தம் என்று ஒன்றுண்டு. அதில் பகவன் தாம் எத்தகைய சொல்லை உரைப்பார், எத்தகையதை உரையார் என்பதை வகுத்துக் காட்டுகிறார். பொய்யானதை, அது கேட்போர்க்கு இனிதாயினும், அவர் உரைப்பதில்லை. மெய்யே ஆயினும் பயனற்றதை உரைப்பதில்லை. மெய்யும் பயனும் உடையது, ஆனால் கேட்போர்க்கு இன்னாதது என்றால், அதை உரைத்தற்குரிய காலத்தை அறிந்து உரைக்கிறார். அபயன் மடியிலிருந்த குழந்தை கல்லையோ குச்சியையோ விழுங்கப் போனால் என் செய்வாய் என்று வினவி, இரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுப்பேன் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்ததும் அச்சுத்தத்திலேதான்.

இப்பகுப்பை ஊன்றி நோக்குவார்க்கு இரண்டு செய்திகள் புலப்படும். பொய்யானது, ஆனால் பயனுடையது என்று ஒரு வகை அப்பட்டியலிலேயே இல்லை. ஆகவே, "அவர் நன்மைக்காகவே பொய் சொன்னோம்" என்பார்க்கு அங்கே இடம் இல்லை. ஆனால் உண்மை என்ற ஒரே காரணத்தால் அதை எந்நேரமும் எடுத்து வீசலாம் என்பார்க்கும் இடம் இல்லை. நடைவழியில் நின்றபடி, "உங்களுக்குப் புற்றுநோய், நான்காம் நிலை" என்று கூறிவிட்டு அடுத்த நோயாளியிடம் செல்லும் மருத்துவர் பொய்யுரைக்கவில்லை. காலம் அறிந்து உரைத்தவரும் அல்லர்.

விநயபிடகத்தின் மகாவக்கத்தில், வயிற்றுப்போக்கினால் கிடந்த பிக்குவைப் பகவனும் ஆனந்தரும் தம் கையாலேயே கழுவித் தூக்கிக் கட்டிலில் கிடத்திய வரலாறு அன்பர் அனைவரும் அறிந்ததே. அதன் பின்னர் வரும் பகுதியைப் பலர் ஊன்றிப் படிப்பதில்லை. பேணுதற்கு எளிய நோயாளிக்கு ஐந்து தன்மைகள் அங்கே கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, தன்னைப் பேணுவோரிடம் தன் நோயை உள்ளபடி உரைத்தல்: மிகுந்தால் மிகுந்தது என்றும், குறைந்தால் குறைந்தது என்றும், அப்படியே நின்றால் நின்றது என்றும் சொல்லுதல். சுற்றியிருப்போர் எல்லோரும் மறைக்கும் ஒரு வீட்டில் நோயாளி மட்டும் எங்ஙனம் உள்ளபடி உரைப்பார்? "வலிக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை" என்றே அவரும் சொல்லப் பழகுகிறார். வலி தணிப்பு மருத்துவர் அந்த "இல்லை"யை நம்பி மருந்தைக் குறைத்துவிட்டால் இரவெல்லாம் துன்பம். ஆகவே, உண்மை உரைத்தல் ஒழுக்கத்துக்காக மட்டுமன்றி, மருந்தின் அளவைத் தீர்மானிப்பதற்காகவும் வேண்டப்படுகிறது.

பேணுவோர்க்குரிய ஐந்து தன்மைகளுள்ளும் பேச்சு ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. மருந்து தயாரிக்கத் தெரிதல், ஏற்றதும் ஏலாததும் அறிதல், பொருளாசையின்றி அன்பினால் செய்தல், மலசலத்துக்கு அருவருப்புக் கொள்ளாமை ஆகிய நான்கோடு, உரிய காலத்தில் நல்லுரையால் நோயாளியின் உள்ளத்தை ஊக்குதல் ஐந்தாவதாக வைக்கப்பட்டிருக்கிறது. சொல்லையும் மருந்துக்கும் தூய்மைக்கும் நிகரான பணியாகக் கருதினர் முன்னோர்.

சொல்லும் படிகள்

2000-ஆம் ஆண்டில் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலிய மருத்துவர்கள் கசப்பான செய்தியைச் சொல்வதற்கு ஆறு படிகளை வகுத்து வெளியிட்டனர். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்க்கு அது கற்பிக்கப்படுகிறது. இந்திய மருத்துவக் கல்வியிலும் 2019 முதல் மனப்பான்மை, நெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. மருத்துவர்க்கென வகுத்ததாயினும் வீட்டார்க்கும் அது பொருந்தும்.

முதற்படி இடம். ஒதுக்கமான அறை, மூடிய திரை, அணைத்து வைத்த கைபேசி. அரசு மருத்துவமனையில் தனியறைக்கு எங்கே போவது என்பீர்கள். தாழ்வாரத்தின் கோடியில் இரண்டு முக்காலிகள் போதும். உட்கார்வதே பெரிது, நின்றுகொண்டு பேசுபவர் புறப்படப் போகிறவர் என்பதை நோயாளி உடனே அறிந்துகொள்கிறார்.

இரண்டாவதும் மூன்றாவதுமான படிகளே உயிர்நாடி. சொல்லுமுன் கேட்க வேண்டும். "உங்கள் உடம்புக்கு என்ன என்று நினைக்கிறீர்கள் ஐயா?" என்று கேட்டால், பத்தில் ஏழெட்டுப் பேர் பாதி உண்மையைத் தாமே சொல்லிவிடுவர் என்று நான் கருதுகிறேன். அதன்பின், "சோதனை முடிவுகளை முழுவதும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது சிகிச்சையைப் பற்றி மட்டும் பேசுவோமா? உடன் யார் இருக்க வேண்டும்?" என்று கேட்க வேண்டும். மறைக்கச் சொல்லி வேண்டும் மகனுக்கும் இது ஒரு வழியாகும். மருத்துவர் அவனிடம், "நானாக ஒன்றையும் திணிக்கமாட்டேன், அவர் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். அவருக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்போம், நீங்களும் அருகில் இருங்கள்" என்று கூறினால், பெரும்பாலும் மகன் இசைவான். அவன் அஞ்சுவது உண்மைக்கன்று. அது வீழும் விதத்துக்கே.

நான்காவது, செய்தியைச் சிறு துண்டுகளாக, முன்னெச்சரிக்கையோடு தருதல். "நாம் எதிர்பார்த்ததைவிடச் சோதனை முடிவு மோசமாக வந்திருக்கிறது" என்று தொடங்கி, நிறுத்தி, முகம் பார்த்து, பின்பு சொல்லுதல். எளிய சொல் வேண்டும். சோதனைத் தாளில் "பாசிட்டிவ்" என்றிருப்பதைக் கேட்டு, நல்ல செய்தி என்று மகிழ்ந்து வீடு திரும்புவோர் உண்டு.

ஐந்தாவது, நோயாளி அழும்போதோ சினக்கும்போதோ ஓடாதிருத்தல். இங்கேதான் நம்மவர் பெரும்பாலும் தவறுகின்றனர். கண்ணீர் துளிர்த்தவுடனே, "அழாதே, தைரியமாக இரு" என்கிறோம். அது அவர்க்குத் தைரியம் தருவதன்று. நம் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வது. அழுகையைக் காணும்போது ஒரு குவளை நீரை அருகே வைத்து வாளாவிருத்தலே சிறந்தது. 1984-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரி 18 விநாடிகளில் மருத்துவர் இடைமறித்ததாகக் கண்டனர். நம் இல்லங்களில் அளந்து பார்த்தால் அதைவிடக் குறைவாகவே இருக்கும் போலும். ஆறாவது படி, அடுத்து என்ன செய்வது என்று சொல்லி, அடுத்த சந்திப்புக்கு நாளும் குறித்து அனுப்புதல்.

"இன்னும் எத்தனை நாள்?" என்று நோயாளி கேட்டுவிட்டால் என் செய்வது? எண்ணைச் சொல்லுமுன், "எதை எண்ணிக் கேட்கிறீர்கள்?" என்று வினவுதல் வேண்டும். பேத்தியின் திருமணம் தை மாதத்தில் இருக்கலாம். அப்போது விடை, நாட்கணக்கு அன்று. திருமணத்தை முன்னதாக நடத்தலாமா என்னும் யோசனை. நாள் குறித்துச் சொல்வது எவராலும் இயலாது. "மாதங்கள்" என்றோ "வாரங்கள்" என்றோ அளவாகச் சொல்வதே நேர்மை.

மொழிபெயர்ப்பு நம் ஊர்க்கே உரிய இடர். பல ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும் கடைத்தெருத் தெலுங்கு மட்டுமே அறிந்த தமிழ்ப் பாட்டிமார் உளர். மருத்துவர் தெலுங்கில் ஐந்து வாக்கியம் சொன்னால், உடன்வந்த மகள் தமிழில் ஒரு வாக்கியம் சொல்கிறாள். எஞ்சிய நான்கும் அவள் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன. பள்ளிச் சிறுவரையோ நெருங்கிய மக்களையோ இப்பணியில் அமர்த்துவது இருவர்க்கும் கொடுமை. மருத்துவமனையில் தமிழறிந்த செவிலியர் யாரேனும் இருப்பின் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேரளத்தினின்று வந்த செவிலியர் தமிழ் ஓரளவு அறிந்திருப்பதுண்டு. வினாக்களை முன்னரே தாளில் எழுதிச் செல்வதும், கேட்ட விடையைத் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பதும் நன்று. சங்கத்தில் இருமொழி வல்ல இளைஞர் இதற்கெனத் துணைபோனால் பெருந்தொண்டாகும்.

உடலின் அம்பும் உள்ளத்தின் அம்பும்

சல்ல சுத்தத்தில் இரண்டு அம்புகளின் உவமை வருகிறது. உடல் நோவு ஓர் அம்பு. அந்நோவைக் குறித்து உள்ளம் படும் துயரம் மற்றோர் அம்பு. 1967-இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்தபர்ஸ் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், புற்றுநோயாளியின் வலியை உடல், உள்ளம், குடும்பம், ஆன்மிகம் என்னும் நான்கும் பின்னிய "முழு வலி" என்று விளக்கினார். இருவர் கருத்தும் ஒன்றே என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஆனால் இரண்டாம் அம்பைப் பற்றிக் கற்றவர், முதல் அம்பை மறந்துவிடும் அபாயத்தைச் சுட்டியாக வேண்டும். வலியால் துடிப்பவரிடம், "எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது, தியானம் செய்யுங்கள்" என்பது கொடுமை. முதல் அம்புக்கு மருந்து வேண்டும்.

அம்மருந்து பெரும்பாலும் மார்பின். வாய்வழி மார்பினை அடிப்படையாகக் கொண்ட படிமுறையை உலகச் சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அம்மருந்தைக் கிட்டாப் பொருளாக்கிற்று. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே வழி இளகியது. நம் அன்பருள் சிலர், ஐந்தாம் சீலத்தை எண்ணி மார்பினை மறுப்பதாகக் கேள்வியுறுகிறோம். மயங்கிக் கடமை மறப்பதற்காக உண்ணும் மதுவையே அச்சீலம் விலக்கிற்று. வாதநோயுற்ற பிலிந்தவச்சருக்காகச் சிறிதளவு மது சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயையும், மதுவின் நிறமும் மணமும் சுவையும் தெரியாத அளவில், பகவன் அனுமதித்ததை மகாவக்கத்திலேயே காணலாம். மருத்துவர் மேற்பார்வையில் வலிக்கேற்ற அளவில் உண்போர் மார்பினுக்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் மட்டும் உறுதியாக வரும். அதற்குரிய மருந்தையும் உடன் கேட்டுப் பெறுக.

நோவு தணிப்புப் பிரிவுக்கு அனுப்பினால் "கைவிட்டுவிட்டார்கள்" என்று அஞ்சுவாரும் உளர். 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவார்க்குத் தொடக்கத்திலிருந்தே இச்சிகிச்சையைச் சேர்த்துக் கொடுத்தனர். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. அதனோடு, வாழ்நாளின் நடுவளவு 8.9 மாதத்துக்கு 11.6 மாதமாக நீண்டிருந்தது.

வினை என்னும் பழி

மருந்து எளிதில் ஆற்ற இயலாத மற்றொரு புண் உண்டு. "என்ன பாவம் செய்தாளோ" என்னும் பேச்சு அது. மார்பகப் புற்றுநோயுற்ற பெண்ணின் காதில் விழும்படியே இதைச் சொல்லும் உறவினரை நாம் கண்டிருக்கிறோம். பௌத்தம் தழுவிய பின்னரும் சிலர் நாவை விட்டு இது அகலவில்லை. முற்பிறவி வினை என்று சொல்லிப் புதிய பெயரிட்டுக் கொள்கின்றனர். சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் இதே கேள்வியைக் கேட்கிறான்: மனிதன் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையாலேயே வருவனவா? பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவமாற்றம், முறையற்ற நடை, பிறரால் நேரும் தாக்குதல், வினை என எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டி, அனைத்தும் முன்வினையே என்பார் கூற்றைப் பகவன் மறுக்கிறார். எட்டில் ஒன்றை எடுத்து, நோயுற்றவள் மேல் பழியாக ஏற்றுவதற்கு நமக்கு என்ன உரிமை? புகையிலை வாய்ப்புற்றுக்குக் காரணம் என்று இளைஞனிடம் முன்கூட்டிச் சொல்வது அறிவு; நோய் வந்து கிடக்கும் முதியவரிடம் அதையே சொல்லிக்காட்டுவது அறிவன்று. இந்நோய் தொட்டால் ஒட்டாது. தட்டையும் குவளையையும் பிரித்து வைப்பது அறியாமை.

உள்ளமே நோயுறும்போது

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. புற்றுநோய் மருத்துவமனைகளில் ஆராய்ந்தோர், நூற்றுவரில் 30 முதல் 40 பேர் வரை ஏதேனும் ஒருவகை மனநலக் குலைவால் வருந்துவதாகக் கண்டனர். நியூயார்க்கில் 1977-இல் புற்றுநோயாளர்க்கென மனநலப் பிரிவைத் தொடங்கிய ஜிம்மி ஹாலண்ட் அம்மையாரே இத்துறைக்குத் தாய் எனத் தகுவார். வெப்பமானியின் வடிவில் 0 முதல் 10 வரை கோடிட்டு, "சென்ற வாரத்தில் உங்கள் துயரம் எந்த அளவு?" என்று கேட்கும் முறை அவர் வழிவந்ததே. 4 அல்லது அதற்கு மேல் காட்டுவோரை மனநல வல்லுநர் காண வேண்டும். தமிழகத்தில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் உளப் புற்றுநோயியலுக்கெனத் தனித்துறை உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேலும் ஒன்றிலும் விருப்பமின்மை, உறக்கமின்மை, தம்மைப் பாரம் என்றே கூறிக்கொண்டிருத்தல், சாக வேண்டும் என்னும் பேச்சு ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் சொல்லத் தயங்கலாகாது. "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றாது, கேளாமையே ஆபத்து. 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிப் பணியை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பேணுவோரும் அழைக்கலாம், பேணுவோர் உள்ளம் தளர்வதை எவரும் கவனிப்பதில்லை.

பேணுவோர் பேச்சுக்கு அங்குத்தர நிகாயத்தில் நகுலமாதா ஓர் எடுத்துக்காட்டு. கணவர் கடும் நோயில் கிடக்கும்போது அம்மையார், "உமக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லவில்லை. அவர் உள்ளத்தில் என்னென்ன கவலை இருக்கும் என்று தாமே உணர்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து விடையளித்தார்: பஞ்சு நூற்கவும் கம்பளி சிக்கெடுக்கவும் தாம் வல்லவர், குழந்தைகளைக் காப்பாற்றிக் குடும்பத்தை நடத்துவார், நெறி பிறழார் என்றெல்லாம் உறுதி கூறினார். கவலை நீங்கிய நகுலபிதா பிழைத்தெழுந்தார் என்பது கதை. பிழைத்தெழாதவர்க்கும் அப்பேச்சு அதே நன்மை செய்யும் என்பதே ஈண்டுக் கருதத் தக்கது. வருவாய் என்ன, கடன் எவ்வளவு, பிள்ளைகள் படிப்பு யார் பொறுப்பு என்பன மனநலச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

அடுத்த கூட்டத்தில் அன்பர்கள் கலந்தாய்வதற்காகச் சில நிலைமைகளைக் குறிக்கின்றோம். நோயாளியான அத்தை, வீட்டார் அனைவரும் வெளியே சென்றிருக்கையில், பார்க்கச் சென்ற உங்களிடம், "எனக்குக் கேன்சரா கண்ணு? நீயாவது சொல்" என்று கேட்கிறார், வீட்டார் உங்களை மறைக்கச் சொல்லியிருக்கின்றனர். மருத்துவர் ஊசி மருந்து தொடரலாம் என்கிறார், நோயாளி "போதும்" என்கிறார், மகள் "விடக்கூடாது" என்கிறாள். மூவரும் உங்கள் முகத்தைப் பார்க்கின்றனர். எட்டு வயதுப் பேரன், "தாத்தா எப்போது வீட்டுக்கு வருவார்?" என்று கேட்கிறான். இவற்றுள் ஒன்றையேனும் எடுத்து, நீங்கள் சொல்லப் போகும் முதல் வாக்கியத்தை உங்கள் வீட்டில் வழங்கும் தமிழிலேயே எழுதி வருக.